ஸ்விட்ச் மாற்றிய பிறகு ஒரே ஓர் இணைப்பு மட்டும் விட்டு விட்டுப் போகிறது

கேள்வி: பனியன் கணக்கர்

திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட்டில் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். கணினி தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால் நெட்வொர்க்கும் என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாடியில் அலுவலகமும் சர்வரும் இருக்கின்றன. கீழே கட்டிங், செக்கிங், பேக்கிங் ஆகிய மூன்று பிரிவுகள். மாடியில் இருந்த 24 போர்ட் ஸ்விட்ச் (கணினிகளைக் கேபிள் வழியாக ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) 100 எம்பிபிஎஸ் வகையைச் சேர்ந்தது. பதினோரு ஆண்டுகளாக ஓடியது. போன மழையில் இடி விழுந்தபோது அதில் நான்கு போர்ட்கள் செத்துப்போயின. அதனால் சென்ற மாதம் அதை எடுத்துவிட்டு, 24 போர்ட் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்தினோம், அதாவது மெனு வழியாக அமைப்புகளை மாற்றக்கூடிய வகை. பழையது மேனேஜ்டு வகை அல்ல. கேபிளைச் செருகினால் வேலை செய்யும், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து, மாடியிலிருந்து பேக்கிங் பிரிவுக்குப் போகும் இணைப்பு மட்டும் அடிக்கடி விழுகிறது. பேக்கிங்கில் சிறிய 8 போர்ட் ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. அது இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கியது, ஜிகாபிட் என்று மேலே எழுதியிருக்கிறது. அதிலிருந்து மூன்று கணினிகளுக்கும் ஒரு பார்கோடு பிரின்டருக்கும் கேபிள் போகிறது. இணைப்பு விழும்போது மாடி ஸ்விட்ச்சில் அந்தப் போர்ட்டின் விளக்கு அணைந்து, மூன்று நான்கு விநாடிகளில் மறுபடி எரிகிறது. ஆனால் விளக்கு எரிந்த பிறகும் பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) பதில் வருவதற்கு அரை நிமிடம் ஆகிவிடுகிறது. திரையில் ஏழெட்டு வரிகள் பதிலின்றிப் போகின்றன. அதற்குள் பில் போடும் மென்பொருள் சர்வருடன் தொடர்பு அறுந்து மூடிக்கொள்கிறது. சில நேரம் ஒரு மணி நேரத்தில் பத்து முறை இப்படி நடக்கிறது. சில நேரம் அரை நாள் முழுக்க ஒன்றுமே நடப்பதில்லை. இரவில் நடந்ததாகத் தெரியவில்லை.

வேறு போர்ட்டில் மாற்றிப் பார்த்தேன். மாடியில் பேட்ச் கார்டை (குட்டை இணைப்புக் கேபிளை) மாற்றினேன். இரண்டு ஸ்விட்ச்சுகளையும் அணைத்துப் போட்டேன். எட்டு விளக்கு டெஸ்டர் வைத்துக் கேபிளைச் சோதித்தேன். 1 முதல் 8 வரை வரிசையாக எரிந்தன. ஸ்விட்ச் விற்றவர், கேபிள் சரியாக இருப்பதால் கட்டட மின்சாரத்தில்தான் கோளாறு என்கிறார். கேபிள் கேட்5இ, கட்டடம் கட்டியபோது இழுத்தது, படிக்கட்டின் பக்கச் சுவருக்குள் இறங்கி, கட்டிங் ஹாலின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே போகிறது. அறுபது மீட்டர் இருக்கலாம். ஷிப்மென்ட் நேரத்தில் சுவரை உடைத்துப் புதிதாக இழுக்க முதலாளி நிச்சயம் சம்மதிக்க மாட்டார்.

பழைய ஸ்விட்ச் இருந்தவரை இந்த இணைப்பு ஒரு நாளும் விழுந்ததில்லை. அப்படியானால் புதிய ஸ்விட்ச்சில்தானே குறை? அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: சர்வர் அறை

விளக்கு வந்த பிறகும் அரை நிமிடம் பிங் இல்லை என்பது ஸ்பானிங் ட்ரீ என்ற வளையத் தடுப்பு முறையின் வேலை. மேனேஜ்டு ஸ்விட்ச்சில் ஒரு போர்ட் உயிர்பெற்றவுடன், எங்காவது கேபிள் வளையம் உருவாகியிருக்கிறதா என்று 15 விநாடி கவனித்து, பிறகு 15 விநாடி முகவரிகளைக் கற்றுக்கொண்டு, அதன் பின்தான் தரவை விடும். எதிரில் இருக்கும் 8 போர்ட் ஸ்விட்ச்சுக்கு அந்த மொழி தெரியாததால், இதன் வேகமான வடிவமான ரேபிட் ஸ்பானிங் ட்ரீயாலும் இதை விரைவுபடுத்த முடியாது. அந்தப் போர்ட்டை எட்ஜ் போர்ட் (காத்திராமல் உடனே தரவை விடும் போர்ட்) என்று அமைத்துவிடுங்கள். சில ஸ்விட்ச்சுகளில் இதற்குப் போர்ட்ஃபாஸ்ட் என்று பெயர். கீழே யாராவது தவறுதலாக ஒரு கேபிளின் இரு முனைகளையும் அதே சிறிய ஸ்விட்ச்சில் செருகிவிட்டால், மேலிருந்து போகும் ஸ்பானிங் ட்ரீ செய்தி திரும்பி வந்து, எட்ஜ் நிலை தானாக நீங்கிவிடும். ஆகவே ஸ்பானிங் ட்ரீயை முழுவதுமாக அணைக்க வேண்டாம்.

பதில்: பழைய லைன்மேன்

நண்பரே, மேலே சொன்னதைச் செய்யுங்கள். முப்பது விநாடி நான்கு விநாடியாகக் குறையும். ஆனால் அந்த நான்கு விநாடி எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. ஸ்பானிங் ட்ரீ ஒரு போர்ட்டைத் தடுத்தாலும் லிங்க் விழாது. விளக்கு எரிந்துகொண்டே, அதிகம் போனால் நிறம் மாறி நிற்கும். விளக்கே அணைகிறது என்றால் கோளாறு கம்பியிலோ, கம்பியின் இரு முனைகளில் உள்ள மின்சுற்றிலோ இருக்கிறது. ஐபி முகவரி, மென்பொருள், சர்வர் ஆகியவற்றை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கீழே இருக்கும் 8 போர்ட் ஸ்விட்ச் இரண்டு ஆண்டுகளாக ஜிகாபிட். மேலே இருந்தது 100. எனவே அந்தக் கேபிள் இதுவரை 100இல் மட்டுமே ஓடியிருக்கிறது. சென்ற மாதம்தான் அதன் வாழ்நாளில் முதன்முறையாக 1000இல் ஓட வேண்டி வந்தது. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிகளில் இரண்டு ஜோடிகள் போதும்: 1-2 ஒரு ஜோடி, 3-6 இன்னொரு ஜோடி. 4-5இல் இருக்கும் நீல ஜோடியும் 7-8இல் இருக்கும் பழுப்பு ஜோடியும் சும்மா கிடக்கும். அவை அறுந்து கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. நான் பார்த்த காலத்தில், சும்மாதானே கிடக்கிறது என்று அந்த ஜோடிகளில் இன்டர்காம் ஓட்டியவர்கள் உண்டு. 1999இல் வந்த 802.3ஏபி தரத்தின்படி, ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். ஒவ்வொன்றும் இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் 250 எம்பிபிஎஸ் சுமக்கிறது.

விளக்கு ஏன் அணைந்து எரிகிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. எந்த வேகத்தில் பேசலாம் என்று இரு ஸ்விட்ச்சுகளும் முதலில் கலந்துகொள்ளும் துடிப்புகள் 1-2, 3-6 ஜோடிகளில் மட்டுமே போகின்றன. அவை நன்றாக இருப்பதால் இருவரும் மகிழ்ச்சியாக ஜிகாபிட் என்று ஒப்புக்கொள்கிறார்கள். நான்கு ஜோடிகளிலும் வேலை தொடங்கிய பிறகு ஒரு ஜோடி நொடிப்பொழுது கைவிட்டால் லிங்க் விழுகிறது. மறுபடி முதலிலிருந்து பேச்சுவார்த்தை, மறுபடி ஜிகாபிட். ஜோடி நிரந்தரமாக அறுந்திருந்தால் பல ஸ்விட்ச்சுகள் சில முயற்சிகளுக்குப் பின் தாமாகவே 100க்கு இறங்கிவிடும்; பாதி ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பிதான் இப்படி உயிரை வாங்கும்.

உங்கள் டெஸ்டரின் சாட்சியத்தை நான் ஏற்க மாட்டேன். அது பேட்டரி மின்சாரத்தை ஒவ்வொரு கம்பியாக அனுப்பி, மறுமுனையில் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்கிறது. அந்த விளக்கு எரிய, கம்பி நுனியளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். கம்பிகள் வரிசையாக வந்து, ஜோடிகள் மட்டும் மாறிப் பிரிந்திருந்தாலும் அது எட்டு விளக்குகளையும் எரித்துக் காட்டும்.

எனவே முதலில் ஒரு சோதனை. மாடி ஸ்விட்ச்சில் அந்தப் போர்ட்டின் வேகத்தை 100க்கு இறக்கி ஒரு நாள் முழுவதும் விட்டுப் பாருங்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, கவனமாகத் தாண்டுங்கள். 100 ஃபுல் டூப்ளக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசைகளிலும் அனுப்புவது) என்று கட்டாயமாக அமைத்துவிடாதீர்கள். கட்டாயப்படுத்தினால் உங்கள் பக்கம் பேச்சுவார்த்தையை நிறுத்திவிடும். கீழே இருக்கும் ஸ்விட்ச் வேகத்தை மட்டும் உணர்ந்து, டூப்ளக்ஸ் தெரியாததால் தரத்தில் சொல்லியபடி ஹாஃப் டூப்ளக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) போய்விடும். பிறகு சிறிய பிங் எல்லாம் ஒழுங்காகப் போகும், பெரிய கோப்பை அனுப்பினால் ஊர்ந்து போகும், நீங்கள் புதிய கோளாறு ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஆட்டோ நெகோஷியேஷன் எனப்படும் அந்தப் பேச்சுவார்த்தையை அப்படியே வைத்து, அதில் அறிவிக்கும் வேகங்களில் 1000ஐ மட்டும் நீக்குங்கள். அந்த வசதி இல்லையென்றால், பழைய 100 ஸ்விட்ச்சில் இன்னும் உயிரோடிருக்கும் இரண்டு போர்ட்களைப் பயன்படுத்தி அதை நடுவில் வையுங்கள்.

அத்துடன், அந்தப் போர்ட்டின் சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த தரவு) எண்ணிக்கையையும், லிங்க் விழுந்த நேரங்களின் லாகையும் (ஸ்விட்ச் வைத்திருக்கும் பதிவேடு) எடுத்துப் போடுங்கள். லாக் பார்ப்பதற்கு முன் ஸ்விட்ச்சின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; புதிய ஸ்விட்ச்சுகள் பெரும்பாலும் பழைய ஆண்டு ஒன்றிலேயே வாழ்ந்துகொண்டிருக்கும்.

பதில்: மின்னல் பயம்

லைன்மேன் ஐயா சொல்வது சரியாக இருக்கலாம். ஆயினும் வேறு இரண்டு காரணங்களை விலக்காமல் கேபிள்மீது தீர்ப்பு எழுதுவது அவசரம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, இடி. மாடி ஸ்விட்ச்சில் நான்கு போர்ட்களைக் கொன்ற மின்னெழுச்சி, கேபிள் வழியாகக் கீழே இருக்கும் ஸ்விட்ச்சையும் தொட்டிருக்கக்கூடும். அடிபட்ட போர்ட் உடனே சாக வேண்டும் என்பதில்லை. அடிபட்டது நீல, பழுப்பு ஜோடிகளுக்கான சுற்று என்றால், அதுவும் 100இல் தெரியாமல் ஜிகாபிட்டில் மட்டும் வெளிப்படும். அதாவது 100க்கு இறக்கும் சோதனை கேபிளையும் போர்ட்டையும் பிரித்துக் காட்டாது. நீங்கள் மேலே போர்ட் மாற்றிப் பார்த்தீர்கள், கீழே மாற்றியதாகச் சொல்லவில்லை. கீழே ஜிகாபிட் ஸ்விட்ச் வேறொன்றைக் கடன் வாங்கி ஒரு நாள் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, மின்சிக்கன ஈதர்நெட். 2010இல் வந்த 802.3ஏஇஸட் தரத்தின்படி, அனுப்புவதற்குத் தரவு இல்லாதபோது போர்ட் தூங்கிவிடும். எல்லாத் தயாரிப்புகளும் ஒன்றோடொன்று ஒழுங்காகத் தூங்கி எழுவதில்லை. மெனுவில் கிரீன் ஈதர்நெட் என்றோ ஈஇஇ என்றோ இருக்கும். அணைப்பதற்கு ஒரு நிமிடம்தான், செலவும் இல்லை. ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். பிறகு எது குணப்படுத்தியது என்று தெரியாது.

பதில்: பனியன் கணக்கர்

மூவருக்கும் நன்றி. ஐந்து நாட்கள் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் செய்தேன்.

எட்ஜ் போர்ட் அமைத்தவுடன் பெரிய வித்தியாசம் தெரிந்தது. இணைப்பு முன்போலவே விழுகிறது, ஆனால் நான்கு விநாடிகளில் திரும்பிவிடுவதால் பில் மென்பொருள் பல நேரம் தாக்குப்பிடிக்கிறது. பேக்கிங்கில் இருப்பவர்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டார்கள். நானும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த நாள் ஈஇஇயை அணைத்தேன்; அன்று 31 முறை விழுந்தது. அதற்கடுத்த நாள் கடன் வாங்கிய ஜிகாபிட் ஸ்விட்ச்சைக் கீழே வைத்தேன், 26 முறை. பிறகு பழைய 8 போர்ட்டையே மீண்டும் வைத்து, அறிவிக்கும் வேகங்களில் 1000ஐ நீக்கினேன். இன்றோடு ஒன்றரை நாள் ஆகிறது, ஒரு முறைகூட விழவில்லை. ஜிகாபிட்டில் இருந்தபோது அந்தப் போர்ட்டில் மட்டும் சிஆர்சி பிழைகள் நான்காயிரத்தைத் தாண்டியிருந்தன; மற்றப் போர்ட்கள் எல்லாவற்றிலும் பூஜ்யம்.

லாகில் எனக்கு வியப்பளித்த ஒன்று இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் காலை எட்டரை வரை ஒரு பதிவும் இல்லை. மதியம் ஒன்று முதல் ஒன்றே முக்கால் வரையும் எந்த நாளும் இல்லை. அது பேக்கிங் ஆட்களின் சாப்பாட்டு நேரம்.

இந்த ஸ்விட்ச்சில் கேபிள் டயக்னாஸ்டிக்ஸ் என்றொரு மெனு இருப்பதையும் கண்டேன். அதை எப்படிப் பயன்படுத்துவது? மேலும், 100இல் ஒழுங்காக ஓடுகிறது என்றால் அப்படியே விட்டுவிடக் கூடாதா? பில் போடுவதற்கு 100 தாராளமாகப் போதும்.

பதில்: பழைய லைன்மேன்

சாப்பாட்டு நேரத்தில் கம்பியும் ஓய்வெடுக்கிறது என்றால், அதைத் தொடுவது மனிதர்கள்தான். சுவருக்குள்ளும் சீலிங்குக்கு மேலும் யாரும் கை வைப்பதில்லை. ஆகவே உடைக்கும் வேலை இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் அளந்து பார்த்துவிடுவோம்.

அந்த மெனு, கம்பியில் ஒரு துடிப்பை அனுப்பி, அறுந்த இடத்தில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தூரம் சொல்லும். ஓடும்போது லிங்க் விழும், எனவே வேலை முடிந்த பிறகு செய்யுங்கள். இரண்டு முறை செய்ய வேண்டும். முதல் முறை கீழே இருக்கும் ஸ்விட்ச்சிலிருந்து கேபிளைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். நான்கு ஜோடிகளும் திறந்திருப்பதாகக் காட்டும், அந்தத் தூரம்தான் உங்கள் கேபிளின் முழு நீளம். இரண்டாவது முறை கேபிளைச் செருகிவிட்டு, கீழ்முனையை ஒருவர் மெல்ல அசைத்துக்கொண்டிருக்கும்போது செய்யுங்கள். ஏ, பி, சி, டி என்று ஜோடிகளுக்குப் பெயர் வரும்; வழக்கமாக சி என்பது 4-5, டி என்பது 7-8. கம்பி வரிசைக்கு ஏ தரம், பி தரம் என்று இரண்டு இருந்தாலும், நீலமும் பழுப்பும் இரண்டிலும் அதே இடத்தில்தான் இருக்கும்.

100இல் விட்டுவிடலாமா என்றால், ஷிப்மென்ட் முடியும்வரை தாராளமாக விடுங்கள். அதற்குமேல் விட மாட்டேன். ஒரே ப்ளக்கில் பழுப்பு தளர்ந்திருந்தால் பச்சையும் தளர நாளாகாது, அது 100ஐயும் கொண்டுபோய்விடும்.

பதில்: பனியன் கணக்கர்

பிடுங்கிவிட்டுச் செய்தபோது நான்கு ஜோடிகளும் 57 மீட்டரில் திறந்திருப்பதாகக் காட்டியது. செருகிவிட்டு, தம்பி ஒருவரை அசைக்கச் சொல்லிச் செய்தபோது ஏ, பி, சி மூன்றும் ஓகே. டி மட்டும் 56 மீட்டரில் திறப்பு. அசைக்காமல் செய்தால் நான்குமே ஓகே. ஞாயிற்றுக்கிழமை பேக்கிங் மேசையை நகர்த்திப் பார்க்கப் போகிறேன்.

பதில்: பழைய லைன்மேன்

அளவில் ஓரிரு மீட்டர் பிழை இருக்கும். எப்படியும் கோளாறு கீழ்முனையில்தான். புதிதாக ப்ளக் அடிக்காதீர்கள். சுவரில் ஒரு கீஸ்டோன் ஜாக் (ப்ளக்கைச் செருகும் துளை) வைத்து, கம்பிகளைப் பஞ்ச் டூலால் அதில் அடித்து, அங்கிருந்து கடையில் கிடைக்கும் தயார்ப் பேட்ச் கார்டு போடுங்கள். ஜோடிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம்.

பதில்: பனியன் கணக்கர்

வேலை முடிந்து எட்டு நாட்கள் ஆகிவிட்டன, பார்த்ததை எழுதுகிறேன்.

மேசைக்குப் பின்னால் சுவர்ப்பெட்டி இருந்தது, உள்ளே ஜாக் இல்லை. பெட்டி முழுவதும் பஞ்சுத்தூசி மெத்தைபோல் அடைந்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மேசையை ஒரு மீட்டர் தள்ளிப் போட்டபோது, வேலைக்கு வந்தவர் ஜாக்கை வெட்டி எறிந்துவிட்டு, சுவரிலிருந்து வரும் கேபிளிலேயே ப்ளக் அடித்து ஸ்விட்ச்சில் செருகியிருக்கிறார். ப்ளக்கின் பிடி கேபிளின் மேலுறையைப் பிடிக்கவே இல்லை. எட்டுக் கம்பிகளும் ஒரு விரற்கடை நீளத்துக்கு வெறுமனே வெளியே தெரிந்தன. ப்ளக்கின் கண்ணாடிப் பக்கத்தை டார்ச் வைத்துப் பார்த்தால், எட்டாவது இடத்தில் பழுப்புக் கம்பி மற்றவற்றைவிடக் குட்டையாக, நுனிச்சுவரைத் தொடாமல் நின்றிருந்தது; பித்தளைக் கத்தி அதன் ஓரத்தை மட்டும் கீறிக்கொண்டிருந்தது. அட்டைப்பெட்டியை மேசையின்மேல் இழுத்து டேப் ஒட்டும் ஒவ்வொரு முறையும் மேசைக்கால் கேபிளைத் தள்ளும், கேபிள் ப்ளக்கை இழுக்கும். விரலால் தொட்டு அசைத்தபோது மாடியில் விளக்கு அணைவதாகத் தம்பி குரல் கொடுத்தான்.

கேபிளில் உபரி நீளம் இல்லாததால் பெட்டியை இரண்டடி இந்தப் பக்கம் நகர்த்தி, ஜாக் அடித்து, மூடியும் போட்டு, மூன்று மீட்டர் பேட்ச் கார்டு செருகினேன். வேகத்தை மறுபடி 1000க்கு விட்டேன். சிஆர்சி பூஜ்யத்திலேயே நிற்கிறது. ஸ்விட்ச்சைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

எட்டு நாட்களில் ஒரே ஒரு முறை லிங்க் விழுந்ததாக லாகில் இருக்கிறது: வியாழக்கிழமை மாலை 4:10. திடுக்கிட்டுப் போய் விசாரித்தேன். அது மின்வெட்டு, ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியில் கீழே இருக்கும் 8 போர்ட் ஸ்விட்ச் அணைந்திருக்கிறது. அது யூபிஎஸ்ஸில் இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு லைன் இழுத்துத் தரும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன்.